காயம் ஆறியது; சுபாவம் மாறியது!

டெலிவிஷனில் ஒருவர் கோணங்கித்தனம் செய்கிறார். ஊரே சிரிக்கிறது. அவர் தலைக்குள் என்ன நடந்தது என்று எத்தனை பேர் கேட்டார்கள்?

2011-ம் ஆண்டு அமெரிக்க டெலிவிஷனில் ஒரு சண்டை ஒளிபரப்பாயிற்று. நிலத்துக்காக நடந்த சண்டை அல்ல. பணத்துக்காகவும் அல்ல. படம் தீட்டும் சாயத்துக்காக நடந்த சண்டை!

"செலிபிரிட்டி அப்ரண்டிஸ்" என்பது அந்த நிகழ்ச்சியின் பெயர். பிரபலமானவர்களை இரண்டு கோஷ்டியாகப் பிரித்து, நாளுக்கொரு வேலை கொடுத்து, சரியாகச் செய்யாதவரை வெளியே அனுப்பும் போட்டி. போட்டியை நடத்தியவர், பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியான டொனால்டு டிரம்ப்.

அன்றைய வேலை, படம் வரைந்து தர்ம காரியத்துக்கு ஏலம் விடுவது. மீட் லோஃப் என்ற புகழ் பெற்ற பாடகர், படம் வரைவதற்கான சாமான்களை வாங்கி வந்திருந்தார். அவற்றில் சில காணவில்லை. எதிரே நின்றவர் மேல் அவருக்குச் சந்தேகம் பாய்ந்தது. அவ்வளவுதான். அச்சில் ஏற்ற முடியாத வார்த்தைகளால் கத்தித் தீர்த்துவிட்டார். கூட இருந்தவர்கள் குறுக்கே புகுந்து தடுக்க வேண்டியதாயிற்று.

சற்று நேரத்தில் சாமான்கள் அகப்பட்டன. யாரும் எடுக்கவில்லை! பாடகர் வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்டார்.

வசவு வாங்கியவர் கேரி பியூசி என்ற நடிகர். இந்தத் தடவை அவர் மேல் தவறு இல்லை. ஆனால் கோஷ்டியில் இருந்த பலருக்கும் அவர் மேல் ஏற்கெனவே எரிச்சல் மூண்டிருந்தது. சொன்ன வேலையை விட்டு வேறு எங்கோ போவார். சம்பந்தம் இல்லாமல் பேசுவார். நாலு பேர் அவசரமாக ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் நின்று தத்துவம் சொல்வார். ஒரு வார்த்தையின் ஒவ்வோர் எழுத்துக்கும் புது அர்த்தம் கற்பித்து விளக்குவார்.

பார்த்த ஜனங்கள் என்ன சொன்னார்கள்? "கிறுக்கு" என்றார்கள் சிலர். "நடிப்பு" என்றார்கள் வேறு சிலர். "போதை" என்றார்கள் இன்னும் சிலர். விழுந்து விழுந்து சிரித்தவர்கள்தான் அதிகம்.

உண்மையான காரணத்தைத் தேட 23 வருஷம் பின்னால் போக வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விபத்து

கேரி பியூசி சாமானிய நடிகர் அல்ல. இளம் வயதில் விமான விபத்தில் இறந்துபோன பாடகர் பட்டி ஹோலியின் கதை 1978-ம் ஆண்டு படமாக வந்தது. அதில் பாடகராக நடித்தவர் பியூசி. அந்த நடிப்புக்காக ஆஸ்கார் பரிசுக்கு அவர் பெயர் பரிசீலிக்கப்பட்டது.

1988-ம் ஆண்டு டிசம்பர் 4-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. கலிபோர்னியா மாநிலத்தில் பியூசி மோட்டார் சைக்கிளில் போனார். வயது 44. தலையில் ஹெல்மெட் இல்லை. வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டார். தலை தரையில் மோதியது. மண்டை ஓடு பிளந்தது. உடனே மூளை ஆபரேஷன் நடந்தது. உயிர் பிழைத்தார்.

நடந்தார், பேசினார், மறுபடி காமிராவின் முன் நின்றார். 1991, 1992-ம் ஆண்டுகளில் அவர் நடித்த படங்கள் சக்கைப்போடு போட்டன. "எமன் வாய்க்குள் போய்த் திரும்பிவிட்டார். எல்லாம் குணமாகிவிட்டது" என்று உலகம் நினைத்தது.

விபத்து நடந்து இருபது வருஷம் கழித்து, 2008-ம் ஆண்டு, போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை தரும் ஒரு டெலிவிஷன் நிகழ்ச்சிக்கு அவர் போனார். தான் நோயாளியாக வரவில்லை, மற்றவர்களுக்கு உதவி செய்யவே வந்தேன் என்று அங்கே சொல்லிக்கொண்டார். அவரைப் பரிசோதித்த மனநல மருத்துவர் சொன்னது வேறு. பழைய மூளைக் காயம், எல்லோரும் எண்ணியிருந்ததைவிட அதிகமாக அவரைப் பாதித்திருக்கிறது. மனத்தில் இருக்க வேண்டிய வடிகட்டி பலவீனமாகிவிட்டது. ஆகவேதான் தோன்றியதை உடனே பேசுகிறார், உடனே செய்கிறார் என்றார் அவர்.

இருபது வருஷம்! மண்டை ஓடு உடைந்ததை எக்ஸ்ரே அன்றே காட்டியிருக்கும். உள்ளே உடைந்ததை ஊர் அறிய இருபது வருஷம் ஆயிற்று.

அடுப்படியில் ஒரு பாடம்

தலையில் அடி பட்டால் சுபாவம் எப்படி மாறும்? இதை விளங்கிக்கொள்ள வைத்தியப் படிப்பு வேண்டாம். அடுப்படியில் இருக்கும் தயிர்ப் பாத்திரம் போதும்.

பாத்திரத்தை வேகமாகத் தூக்கிக்கொண்டு போய்ச் சட்டென்று நிறுத்திப் பாருங்கள். பாத்திரம் நின்றுவிடும், உள்ளே இருக்கும் தயிர் நிற்காது. முன்னே பாய்ந்து விளிம்பில் மோதித் திரும்பும். பாத்திரத்தில் கீறல்கூட விழாது. உள்ளே தயிர் உடைந்திருக்கும்.

நம் மூளையும் ஏறக்குறைய அப்படித்தான். எடை சுமார் 1,400 கிராம். கைபட்டால் குழையும் அளவுக்கு மிருதுவானது. நெற்றிக்குப் பின்னால், மூளையின் முன்பகுதி உட்கார்ந்திருக்கும் எலும்புத் தளமோ வழவழப்பானது அல்ல. மேடும் பள்ளமுமாக முரடானது. வேகமாகப் போகும் தலை சட்டென்று நின்றால், மூளை அந்த முரட்டு எலும்பில் உரசிச் சிராய்கிறது. அதோடு மூளைக்குள் ஓடும் மெல்லிய நரம்பிழைகள் இழுபட்டு அறுகின்றன. இந்த இழைகள் அறுந்திருப்பது சாதாரண ஸ்கேன் படத்தில் தெரியாமலும் போகலாம். எலும்பு முறியாமல், ஒரு சொட்டு ரத்தம் வெளியே வராமல் இத்தனையும் நடக்கக்கூடும்.

முன்பகுதிக்கு என்ன வேலை? வண்டிக்குப் பிரேக் எதுவோ, மனிதனுக்கு அது. "இதை இப்போது சொல்லலாமா?" "எதிரே இருப்பவர் மனம் நோகுமா?" "முதலில் எதைச் செய்வது, பிறகு எதைச் செய்வது?" இந்தக் கேள்விகளை நாம் அறியாமலே கேட்டுப் பதில் சொல்லி, நம்மை அடக்கி நடத்துவது அந்தப் பகுதிதான்.

அங்கே காயம் பட்டால் கை கால் விழுந்துவிடாது. பேச்சு நின்றுவிடாது. பிரேக் மட்டும் பிடிக்காது. கோபம் வந்தால் கொட்டிவிடும். சிரிப்பு வந்தால் துக்க வீட்டிலும் சிரித்துவிடும். ஆரம்பித்த வேலை பாதியில் நிற்கும். இதில் மிகவும் கொடுமையானது ஒன்று உண்டு. தன்னிடம் மாறுதல் வந்திருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. குறையைக் கண்டுபிடிக்க வேண்டிய இடத்திலேயே குறை விழுந்துவிட்டதே!

இரும்புக் கம்பி சொன்ன கதை

இந்த உண்மையை உலகத்துக்கு முதலில் பளிச்சென்று காட்டியது ஒரு ரயில் பாதை விபத்து.

1848-ம் ஆண்டு செப்டம்பர் 13-ந் தேதி. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலம், கேவண்டிஷ் என்ற ஊர். ரயில் பாதை போடுவதற்காகப் பாறைக்கு வெடி வைத்துக்கொண்டிருந்தார்கள். வேலையாட்களுக்கு மேஸ்திரி ஃபினியாஸ் கேஜ் என்ற 25 வயது வாலிபர். கெட்டிக்காரர்; நிதானமானவர்; முதலாளிகளின் நம்பிக்கையைப் பெற்றவர்.

துளையில் போட்ட வெடிமருந்தை இரும்புக் கம்பியால் இடிக்கும்போது பொறி பறந்தது. மருந்து வெடித்தது. மூன்றரை அடிக்கு மேல் நீளமும் ஆறு கிலோ எடையும் உள்ள அந்தக் கம்பி, கேஜின் இடது கன்னத்தில் புகுந்து, மண்டையின் உச்சியைப் பிளந்துகொண்டு வெளியே போய் விழுந்தது!

கேஜ் இறக்கவில்லை. சில நிமிஷங்களில் பேசினார். மாட்டு வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே விடுதிக்குப் போனார். ஜான் ஹார்லோ என்ற உள்ளூர் டாக்டர் இராப்பகலாக வைத்தியம் பார்த்தார். சில மாதங்களில் காயம் ஆறியது.

வேலை கேட்டு வந்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. நிதானமான மனிதர் முன்கோபியாகியிருந்தார். வாய்க்கு வந்ததைப் பேசினார். ஒரு திட்டம் போடுவார். அடுத்த நிமிஷம் கைவிடுவார். பழைய கேஜ் இவர் அல்ல என்று நண்பர்கள் வருந்தினார்கள். பழைய மேஸ்திரி ஸ்தானத்தை முதலாளிகள் திருப்பித் தரவில்லை.

பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் கதையை நிறுத்திவிடும். நிறுத்தியதே ஒரு பிழை. கேஜ் பிறகு தென் அமெரிக்காவில் உள்ள சிலி நாட்டுக்குப் போனார். அங்கே பல வருஷம் குதிரைக் கோச்சு வண்டி ஓட்டினார். பல குதிரைகளைக் கட்டி மேய்க்க வேண்டும். பிரயாணிகளிடம் பதமாகப் பேச வேண்டும். பாதையைக் கணித்து நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். முற்றிலும் கெட்டுப்போன மனிதனால் ஆகிற காரியமா? நாள்தோறும் ஒரே ஒழுங்கான வேலை, ஒரே பாதை, ஒரே கடமை இவை அவரை மெல்ல மெல்லத் தூக்கி நிறுத்தியிருக்க வேண்டும் என்பது இன்றைய ஆராய்ச்சியாளர் சிலரின் அபிப்பிராயம். 1860-ம் ஆண்டு வலிப்பு கண்டு கேஜ் காலமானார். அவருடைய மண்டை ஓடும் அந்தக் கம்பியும் ஹார்வர்டு சர்வகலாசாலையின் பொருட்காட்சிச் சாலையில் பத்திரமாக இருக்கின்றன.

சினிமா கற்பித்த வைத்தியம்

பியூசி வண்டியிலிருந்து விழுந்த அதே 1988-ம் ஆண்டு, அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் நடந்த ஓர் ஆராய்ச்சி அச்சாயிற்று. தலைக் காயத்தைப் பற்றிப் பொதுஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுதிய ஆராய்ச்சி அது. அடிபட்டு ஞாபகம் போனவருக்குத் தலையில் இன்னோர் அடி விழுந்தால் ஞாபகம் திரும்பிவிடும் என்று கணிசமானவர்கள் நம்பியது அதில் தெரியவந்தது!

எங்கே கற்றார்கள் இந்த வைத்தியத்தை? சினிமாக் கொட்டகையில்தான். நம் ஊரிலும் இந்த வைத்தியம் தெரியாதவர் யார்? கதாநாயகன் தலையில் கட்டை விழும். பெற்ற தாயை மறந்துவிடுவான். கடைசிக் கட்டத்தில் மறுபடி ஓர் அடி விழும், எல்லாம் நினைவுக்கு வந்துவிடும், சுபம்! சாலி பாக்ஸண்டேல் என்ற இங்கிலாந்து மூளையியல் நிபுணர், ஞாபக மறதியை வைத்து எடுத்த சினிமாப் படங்களை ஆராய்ந்து, 2004-ம் ஆண்டு ஒரு கட்டுரை எழுதினார். உண்மைக்கும் படங்களுக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இல்லை என்பது அவர் முடிவு.

உண்மை என்ன? அடிபட்டவர் தன் பெயரையும் தாயையும் மறப்பது மிக அபூர்வம். புதிய விஷயங்கள் மனத்தில் தங்காமல் போவதுதான் சாதாரணம். கல்யாண நாள் நினைவிருக்கும். காலையில் மருந்து சாப்பிட்டது நினைவிருக்காது. இரண்டாவது அடி மருந்து அல்ல. பழைய புண்ணின் மேல் புதுப் புண். சில சமயம் உயிருக்கே உலை வைத்துவிடும்.

இன்னும் சில தப்பெண்ணங்களைப் பாருங்கள்.

மயக்கம் வரவில்லை, ஆகவே மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பார்கள். அறிவு தெளிவாக இருக்கும்போதே மூளை காயப்படக்கூடும். கம்பி துளைத்த கேஜ் உட்கார்ந்து பேசிக்கொண்டு போனாரே!

கோமாவில் கிடப்பவர் ஒரு நாள் கண்ணை விழித்து, "நான் எங்கே இருக்கிறேன்?" என்று கேட்டுவிட்டுக் கட்டிலிலிருந்து இறங்கி நடப்பார் என்பதும் சினிமாதான். உண்மையில் கோமா தெளிவது பொழுது விடிவதுபோல. படிப்படியாக, குழப்பத்தோடும் தடுமாற்றத்தோடும், நாள் கணக்கிலோ வாரக் கணக்கிலோ தெளியும்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு முன்னேற்றம் கிடையாது என்பார்கள். முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்பது நிஜம். பிறகு வேகம் குறையும், நின்றுவிடாது. பல வருஷம் கழித்தும் புதுப் பழக்கங்களைக் கற்றுக்கொண்டவர்கள் உண்டு.

இது பைத்தியம் என்பார்கள். இல்லை. பைத்தியம் என்ற பட்டம் யாருக்குமே சூட்டத் தகாதது என்பது ஒருபுறம் இருக்கட்டும். மூளைக் காயம் வேறு, மனநோய் வேறு. கை முறிந்தால் கட்டுப் போடுகிறோம். மூளை காயப்பட்டால் பட்டப்பெயர் வைக்கிறோம்.

அமைதி அறையில் ராஜா

எல்லாவற்றிலும் பொல்லாத தப்பெண்ணம் ஒன்று உண்டு. "நேற்று ஒழுங்காக இருந்தார்; இன்று இப்படிச் செய்கிறார் என்றால் வேண்டுமென்றேதானே செய்கிறார்?"

டாக்டர்களே ஏமாறும் இடம் இது. முன்பகுதியில் காயம் பட்டவரை ஆஸ்பத்திரியில் ஓர் அமைதியான அறையில் உட்கார வையுங்கள். எதிரே ஒரே ஒருவர் இருந்து, ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கட்டும். நன்றாகப் பதில் சொல்வார். கணக்குப் போடுவார். பரீட்சையில் தேறியும் விடுவார்.

அதே மனிதரைச் சந்தைக்கடைக்கு அனுப்புங்கள். நாலு பக்கமும் சத்தம். பத்துப் பேர் ஒரே சமயத்தில் பேசுகிறார்கள். அவசரம், களைப்பு, தூக்கமின்மை. எதை முதலில் செய்வது என்று தாமே தீர்மானிக்க வேண்டும். அங்கேதான் பிரேக் தோற்றுப்போகும். சமதரையில் ஓடும் வண்டியைப் பார்த்தால் பிரேக் பழுது தெரியுமா? மலைச் சரிவில் அல்லவா தெரியும்!

இப்போது டெலிவிஷன் போட்டியை நினைத்துப் பாருங்கள். அவசர வேலை, நள்ளிரவு வரை படப்பிடிப்பு, முன்பின் பழகாத மனிதர்கள், ஒருவரை ஒருவர் முந்த வேண்டும் என்ற வெறி, சுற்றிலும் காமிரா. அடிபட்ட மூளைக்கு எது ஆகாதோ அத்தனையும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறது. அதில் ஒருவர் தடுமாறினால் அந்தத் தடுமாற்றத்தை வெட்டி ஒட்டி, சங்கீதம் சேர்த்து நமக்குக் காட்டுகிறார்கள். நாம் சிரிக்கிறோம்.

ஒரு விசித்திரமும் நடந்தது. 2014-ம் ஆண்டு இங்கிலாந்தில் "செலிபிரிட்டி பிக் பிரதர்" என்ற போட்டி. நம் ஊரில் 2017 முதல் "பிக் பாஸ்" என்று வருகிறதே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். எழுபது வயது பியூசி அந்த வீட்டுக்குள் போனார். அதே சம்பந்தமில்லாத பேச்சு. அதே சட்டென்று மாறும் மனநிலை. அமெரிக்கப் போட்டியில் கூட இருந்தவர்களை எரிச்சலூட்டிய அதே சுபாவம்! இங்கிலாந்து ஜனங்கள் ஓட்டுப் போட்டு அவரையே ஜெயிக்க வைத்தார்கள்.

ஒரே மனிதர். ஓரிடத்தில் இடைஞ்சல், இன்னோரிடத்தில் வேடிக்கை, வெற்றி. இரண்டு இடத்திலும் எத்தனை பேர் அந்தக் காயத்தை நினைத்தார்கள்?

மன்னிப்புச் சீட்டா?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். "அப்படியானால் தலையில் அடிபட்டவர் என்ன செய்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டுமா?"

வேண்டியதில்லை. காரணம் வேறு, மன்னிப்பு வேறு. 2022-ம் ஆண்டு நியூஜெர்சி மாநிலத்தில் ரசிகர்கள் கூடிய மாநாட்டில் பெண்களிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாகப் பியூசி மேல் வழக்குத் தொடரப்பட்டது. 2025-ம் ஆண்டு ஒரு குற்றச்சாட்டைக் கோர்ட்டில் ஒப்புக்கொண்டார். பாதிக்கப்பட்டவர்களுக்கு நியாயம் கிடைக்கத்தான் வேண்டும். மூளைக் காயத்தைச் சொல்லி அதை மூடிவிட முடியாது. அதேபோல, மூளைக் காயம் பட்டவர்கள் எல்லோருமே அபாயமானவர்கள் என்று இந்த ஒருவரை வைத்துச் சொல்வதும் அபாண்டம்.

பியூசியின் ஒவ்வொரு செயலுக்கும் விபத்துதான் காரணம் என்று சொல்லவும் ஆதாரம் இல்லை. கொக்கேன் பழக்கம் அவருக்கு இருந்தது. 1995-ம் ஆண்டு அது அளவு மீறி உயிருக்கே ஆபத்து வந்தது. பிறவிச் சுபாவம் எவ்வளவு, போதை செய்த கெடுதல் எவ்வளவு, அடி செய்த கெடுதல் எவ்வளவு என்று தராசில் நிறுத்துச் சொல்ல யாராலும் முடியாது. டெலிவிஷனைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கும் உத்தியோகம் நமக்கு வேண்டாம். சட்டென்று தீர்ப்புச் சொல்லும் உத்தியோகமும் வேண்டாம்.

வீட்டுக்கு உள்ளே

நடிகருக்காவது புகழ் உண்டு, பணம் உண்டு. காமிரா இல்லாத வீடுகளை நினைத்துப் பாருங்கள்.

ஜேம்ஸ் கிராக்னெல் என்பவர் இங்கிலாந்தின் படகுப் பந்தய வீரர். 2000, 2004 ஒலிம்பிக் போட்டிகளில் தங்கப் பதக்கம் வாங்கியவர். 2010-ம் ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது, பின்னால் வந்த லாரியின் பக்கக் கண்ணாடி தலையில் அறைந்தது. ஹெல்மெட் அணிந்திருந்தார், உயிர் தப்பியது. ஆனால் மூளையின் முன்பகுதியில் காயம். எடுத்ததற்கெல்லாம் கோபம், ஞாபகத்தில் சங்கடம், பின்னால் வலிப்பும் வந்தது. அவரும் அவர் மனைவியும் சேர்ந்து அந்த நாட்களைப் பற்றி 2012-ம் ஆண்டு ஒரு புத்தகமே வெளியிட்டார்கள்.

இப்படிப்பட்ட வீட்டில் மனைவியின் நிலை என்ன? இறந்துபோனால் துக்கம் கேட்க நாலு பேர் வருவார்கள். அவரோ எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார். முகம் அதே முகம். குரல் அதே குரல். ஆனால் கல்யாணம் செய்துகொண்ட மனிதர் அவர் அல்ல. இதை யாரிடம் சொல்லி அழுவது? சொன்னால், "ஆள் நன்றாகத்தானே இருக்கிறார்? உயிரோடு கிடைத்தாரே, அதற்குச் சந்தோஷப்படு" என்பார்கள். அந்த ஒரு வார்த்தை, ஆறுதல் போலத் தோன்றும் அந்த ஒரு வார்த்தை, எத்தனை பேரின் வாயை அடைத்திருக்கிறது!

கிராக்னெல் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2019-ம் ஆண்டு, தமது 46-வது வயதில், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைக்காகப் புகழ் பெற்ற படகுப் பந்தயத்தில் துடுப்புப் போட்டு ஜெயித்தார். அந்தப் பந்தயத்தில் அவ்வளவு வயதானவர் அதற்கு முன் கலந்துகொண்டதில்லை. பழைய மனிதராகத் திரும்பினாரா என்று கேட்டால், திரும்பவில்லை. இருக்கிற மூளையை வைத்துக்கொண்டு வாழக் கற்றார்.

நாம் என்ன செய்யலாம்?

அப்படிப்பட்டவர் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், நாம் செய்யக்கூடியவை சுலபமானவை. ஒரே சமயத்தில் நாலு பேர் பேசாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு விஷயம் சொல்லுங்கள். அவசரப்படுத்தாதீர்கள். தினமும் ஒரே நேரத்தில் ஒரே ஒழுங்கில் வேலைகள் நடக்கட்டும்; செய்ய வேண்டியதை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். களைப்பைச் சோம்பல் என்று ஏசாதீர்கள். அடிபட்ட மூளை சீக்கிரம் களைக்கும். கோபம் மூண்டால் பதிலுக்குக் கத்தாமல் அந்த இடத்தை விட்டு நகருங்கள்; தணிந்த பிறகு, நடந்தது தவறு என்பதை எடுத்துச் சொல்லுங்கள். தலையில் அடிபட்டபின் சுபாவம் மாறியிருந்தால், எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். "இப்போது போய் என்ன?" என்று இருந்துவிடாதீர்கள்.

ஹெல்மெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹெல்மெட் அணிவதால் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலைக் காயம் படும் அபாயம் சுமார் 69 சதவிகிதமும், மரண அபாயம் சுமார் 42 சதவிகிதமும் குறைகின்றன என்று பல நாட்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். முழுப் பாதுகாப்பு அல்லதான். கிராக்னெலே அதற்குச் சாட்சி. ஆனால் அது இல்லாதிருந்தால் புத்தகம் எழுத அவர் இருந்திருக்க மாட்டார். பியூசி விழுந்த கலிபோர்னியாவில் 1992-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதல் ஹெல்மெட் கட்டாயமாயிற்று. அவர் விழுந்து மூன்று வருஷத்துக்குப் பிறகு! வண்டியின் கைப்பிடியில் தொங்கும் ஹெல்மெட் வண்டிக்குத்தான் காவல்.

இன்று இரவு டெலிவிஷன் முன் உட்காருவீர்கள். ஒருவர் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுவார், திடீரென்று கத்துவார், காரணமில்லாமல் அழுவார். காயம் பட்டவராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நமக்குத் தெரியாது. சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள். அதை அடக்கச் சொல்லவில்லை.

ஆனால் பட்டப்பெயர் வைப்பதற்கு முன் ஒரு நிமிஷம் நில்லுங்கள். நினைத்ததைச் சொல்லாமல் நிறுத்திக்கொள்ளும் அந்தச் சக்தி மூளையின் முன்பகுதி நமக்குத் தந்திருக்கும் வரம். அது நம்மிடம் பழுதில்லாமல் இருக்கிறது. அடிபட்டவரால் முடியாததை, அடிபடாத நாமாவது செய்யலாமே!